ஹனோயின் ஹோவா லோ சிறை அருங்காட்சியகம்: காசுக்கு மோசமில்லை, கதைதான் பாதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். ஹா லாங் விரிகுடாவில் படகு, ரயில் தெருவில் முட்டைக் காபி, பழைய நகரத்தில் ஷாப்பிங் என்று ஓடுகிற நம்மூர் வியட்நாம் பேக்கேஜ்களில் இந்த இடம் பெரும்பாலும் இருப்பதில்லை, இருந்தாலும் 'முக்கால் மணி நேரம்தான், சட்டுனு பார்த்துட்டு வந்துடுங்க' என்று இறக்கிவிட்டு பஸ் ஓரமாகப் போய் நின்றுகொள்ளும். முக்கால் மணி நேரத்தில் கால் விலங்கையும் தலை வெட்டுகிற கில்லட்டினையும் பார்க்கலாம், அதற்கு மேல் ஒன்றும் மண்டையில் ஏறாது. எனக்கு இங்கே போக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணமே வேறு. கம்யூனிஸ்ட் கட்சி ஒன்றே ஆளுகிற நாட்டில் கைதிகளுக்கு மன்னிப்பு கொடுப்பது எப்படி நடக்கிறது, அதற்கென்று தனிச் சட்டமே போட்டு, அதைத் திருத்தியும் வைத்திருக்கிறார்களே, அதில் யார் உள்ளே யார் வெளியே என்று கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அந்தக் கட்சியின் தலைவர்களே கைதிகளாகக் கிடந்த கட்டிடம் இது. அதனால் இந்த விமர்சனம் அந்தக் கண்ணோடுதான் இருக்கும். டிக்கெட், நேரம், கூட்டம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இடம் ஹோன் கியெம் ஏரியிலிருந்து நடக்கிற தூரம்தான். மஞ்சள் பூசிய உயரமான மதில், வளைவு வாசல், அதன் மேல் 'மேசோன் சென்ட்ரால்' என்று பிரெஞ்சில் எழுத்து. டிக்கெட் நான் போனபோது 50,000 டோங், நம்ம காசுக்கு 170 ரூபாய் பக்கம் வரும். ஆடியோ கைடுக்குத் தனிக் காசு, வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் சுற்றுவது வீண். தமிழ் கிடையாது, ஆங்கிலம் தெளிவாக இருக்கிறது. காலை 8 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள். இரவில் நடிகர்களை வைத்து ஒளி ஒலியோடு ஒரு தனிச் சுற்று நடத்துகிறார்கள், அதற்கு டிக்கெட் பல மடங்கு, முன்பதிவும் வேண்டும். நான் பகலில் மட்டும்தான் போனேன்.

நான் போனது 2025 ஆகஸ்ட் கடைசியில். செப்டம்பர் 2 அவர்களுடைய தேசிய தினம், அதிலும் 80ஆவது ஆண்டு என்பதால் ஊரே சிவப்பாக இருந்தது, பால்கனிக்குப் பால்கனி கொடி, சாலையோரம் அணிவகுப்புக்கு இடம் பிடித்துப் பாய் விரித்து உட்கார்ந்திருந்த குடும்பங்கள். சிறை வாசலில் வரிசை தெரு முனை தாண்டி நின்றது. வரிசையில் வெள்ளைக்காரர்களை விட வியட்நாம் பிள்ளைகள்தான் அதிகம், பெரும்பாலும் இருபது வயசுக்காரர்கள், கன்னத்தில் மஞ்சள் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இந்த அருங்காட்சியகத்தின் சமூக வலைப் பக்கம் நக்கலும் நையாண்டியுமாக எழுதி இளசுகளிடம் பெரிய பெயர் வாங்கியிருக்கிறது. ஒரு சிறைக்கு ரசிகர் கூட்டம் சேர்த்திருக்கிறார்கள் என்றால் அது சாதாரண வேலை இல்லை. தேசிய தினத்தை ஒட்டி மட்டும் போகாதீர்கள், மற்ற நாட்களில் காலை திறந்தவுடன் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? பிரெஞ்சுக்காரர்கள் 1896ல் கட்ட ஆரம்பித்தார்கள். மண் அடுப்பு செய்து விற்ற ஃபூ கான் என்ற கிராமத்தைக் காலி பண்ணித்தான் கட்டினார்கள். மொத்தம் 12,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்த வளாகம், இன்று மிஞ்சியிருப்பது 2,434 சதுர மீட்டர். மீதியை 1990களில் இடித்து அலுவலகமும் வாடகைக் குடியிருப்புமாக ஒரு கோபுரக் கட்டிடம் கட்டிவிட்டார்கள். முற்றத்தில் நின்று நிமிர்ந்தால் மதிலுக்கு மேலே அந்தக் கட்டிடத்தின் கண்ணாடி ஜன்னல்கள் தெரிகின்றன. ஐந்நூறு பேர்கூடக் கொள்ளாது என்று கணக்குப் போட்டுக் கட்டிய சிறையில் 1950களில் 2,000 பேர் வரை அடைத்திருக்கிறார்கள்.

அரசியல் கைதிகளை வைத்திருந்த கூடம்தான் இந்த இடத்தின் உயிர். இரண்டு பக்கமும் நீளமாகச் சிமென்ட் திண்ணை, அதன் மேல் ஆளுயரச் சிலைகளை வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள், ஒவ்வொருவரின் கணுக்காலும் ஒரே நீளமான இரும்புக் கம்பியில் மாட்டப்பட்டிருக்கிறது. கம்பி ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். ஒருவன் திரும்பிப் படுத்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியும். திண்ணையின் கோடியில், அதே அறைக்குள், நாலு பேர் பார்க்கிற உயரத்தில் கக்கூஸ். சிலைகளின் விலா எலும்பைச் செதுக்கியவர் மிகையாகச் செய்யவில்லை. ஒருவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் மடியில் குனிந்து எதையோ படிக்கிறார். அடிபட்ட மனிதர்களைப் பரிதாபமாகக் காட்டுவது சுலபம், இவர்கள் அங்கே பள்ளிக்கூடம் நடத்தினார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். உண்மையும் அதுதான், கட்சி வகுப்புகளும் கையெழுத்துப் பத்திரிகையும் அங்கேதான் நடந்தன.

அடுத்தது இருட்டுக் கொட்டடி. தனித்தனிச் சின்ன அறைகள். படுக்கிற மேடை கால் பக்கம் உயர்ந்து தலைப் பக்கம் தாழ்ந்திருக்கும், காலை விலங்கில் மாட்டிவிட்டால் நிமிர்ந்து உட்காரவும் முடியாது, தூங்கவும் முடியாது. இதை வாசித்துத் தெரிந்துகொள்வதை விட, கதவுச் சந்து வழியாக அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு உங்கள் கழுத்தைத் தடவிக்கொள்வது நல்லது. பெண் கைதிகள் குழந்தைகளோடு இருந்த பகுதி, கில்லட்டின், அப்புறம் முற்றத்தில் ஒரு பெரிய நாட்டுவாதுமை மரம். அந்த மரத்தின் இலையையும் பட்டையையும் கைதிகள் மருந்தாகப் பயன்படுத்தினார்கள் என்பது இங்கே பிரபலமான கதை. அதை வைத்துத் தேநீரும் பலகாரமும் வரை போய்விட்டார்கள், வியாபாரம் தெரிந்தவர்கள்.

இதற்கெல்லாம் நடுவில் எல்லாரும் போன் தூக்குகிற இடம் சாக்கடை. நிஜச் சாக்கடைக் குழாயின் ஒரு துண்டும் அறுத்த கம்பிகளும் வைத்திருக்கிறார்கள். 1945 மார்ச்சில் ஜப்பான் படை பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்த குழப்பத்தில் நூறு பேருக்கு மேல் தப்பினார்கள், அதில் பலர் இந்த வழியாக. 1951 கிறிஸ்துமஸ் இரவில் மரண தண்டனைக் கைதிகள் 16 பேர் மறுபடி அதே வழியில் இறங்கினார்கள், 5 பேர்தான் பிடிபடாமல் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மனிதன் எப்படி அதற்குள் நுழைந்தான் என்றே புரியாத அகலம்.

அங்கே என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு மதுரைப் பக்கத்துப் பெரியவர், மகன் குடும்பத்தோடு வந்தவர், என் போனில் தமிழைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். "தம்பி, பெரிய பெரிய தலைவர் படமெல்லாம் மாட்டியிருக்காங்களே, அவங்க எல்லாரும் இந்தக் குழாய்லதான் போனாங்களா, இல்ல வெள்ளைக்காரனே விட்டானா?"

அருமையான கேள்வி. அருங்காட்சியகம் கேட்காத கேள்வியும் அதுதான்.

கட்சியின் பொதுச்செயலாளர்களாக இருந்தவர்களில் 5 பேர் ஹோவா லோவில் இருந்திருக்கிறார்கள், அதைப் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள்: நுயென் வான் கு, ட்ரூங் சின், லெ டுவான், நுயென் வான் லின், டோ மூய். இதில் 1945ல் தப்பியவர் டோ மூய் ஒருவர்தான். மற்ற நாலு பேரையும் பிரெஞ்சு அரசே விட்டது. 1936ல் பிரான்ஸில் மக்கள் முன்னணி என்ற இடதுசாரிக் கூட்டணி ஜெயித்து லியோன் ப்ளும் பிரதமரானார், இடதுசாரிகளின் நெருக்கடியில் இந்தோசீனாவின் அரசியல் கைதிகளுக்கு மன்னிப்பு வந்தது, ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். லெ டுவானுக்கு 20 வருடத் தண்டனை, 1931ல் பிடிபட்டவர், 5 வருடத்தில் வெளியே. ட்ரூங் சின்னுக்கு 12 வருடம், அவரும் அப்படியே. பிற்காலத்தில் 30 வருடத்துக்கு மேல் பிரதமராக இருந்த ஃபாம் வான் டோங்கும் அதே ஆண்டு கொன் டாவ் தீவுச் சிறையிலிருந்து விடுதலையானவர். எல்லாரும் அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்பதுதான் வழக்கு, அதை அவர்கள் மறுக்கவும் இல்லை, வெளியே வந்த மறுநாளிலிருந்து அதே வேலையைத்தான் செய்தார்கள். அந்த மன்னிப்பு வராமல் இருந்திருந்தால் 1945ல் புரட்சி நடத்த எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று யோசிக்கலாம்.

சாக்கடைக்கு இத்தனை இடம் கொடுத்தவர்கள் 1936க்குக் கொடுத்த இடம் ரொம்பக் குறைவு. அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது, 1936ல் பெரும்பாலானவர்கள் கொன் டாவ் தீவிலோ சொன் லா சிறையிலோ இருந்தார்கள், இங்கே இல்லை. ஆனாலும் எதிரி கொடுத்த மன்னிப்பைச் சுவரில் மாட்டிக்கொள்ள யாருக்கும் மனசு வராது என்பதுதான் எனக்குத் தோன்றிய காரணம். பெரியவரிடம் "ரெண்டும்தான் ஐயா, ஆனா பெரிய தலைங்க பெரும்பாலும் விட்டுத்தான் வந்தாங்க" என்றேன். "அப்படியா, அப்போ இப்ப ஜெயில்ல இருக்கறவங்களையும் இவங்க அப்படி விடுவாங்கதானே" என்று ரொம்ப இயல்பாகக் கேட்டார்.

விடுகிறார்கள், நிறையவே. நான் அங்கே இருந்த அதே வாரத்தில் தேசிய தினத்தை முன்னிட்டு கிட்டத்தட்ட 14,000 கைதிகளுக்கு மன்னிப்பு அறிவித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 30ல், போர் முடிந்த 50ஆவது ஆண்டுக்கு, 8,000க்கும் மேல். 2015ல் 18,000க்கும் மேல் விட்டிருக்கிறார்கள், 2022ல் 2,400 சொச்சம்தான். நடுவில் சில ஆண்டுகள் ஒன்றுமே இல்லை. எண்ணிக்கை இப்படி ஏறி இறங்குவதற்குக் காரணம், இது வருடாவருடம் வருகிற கைதியின் உரிமை இல்லை, பெரிய நாள் வரும்போது அரசு காட்டுகிற கருணை என்பதே சட்டத்தின் அடிப்படை.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆடியோ கைடில் இது கிடைக்காது. 2013 அரசியல் சட்டப்படி இரண்டு வகை மன்னிப்பு இருக்கிறது. பொதுமன்னிப்பை நாடாளுமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும், அது ஒரு குற்ற வகையையே துடைத்துவிடும். ஆட்சிக்கு வந்த புதிதில், 1945 அக்டோபரில், ஒரு பொதுமன்னிப்பு ஆணை போட்டார்கள். இரண்டாவது சிறப்பு மன்னிப்பு, அது அதிபர் கையில். செய்தியில் வருகிற ஆயிரக்கணக்கான விடுதலைகள் எல்லாம் இந்த இரண்டாவது வகை. இதற்கான முதல் சட்டம் 2007 நவம்பரில் நிறைவேறியது, அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் 2018 நவம்பரில் நிறைவேறி 2019 ஜூலை முதல் அமலுக்கு வந்தது. நாடாளுமன்றம் என்றதும் பெரிய சண்டை நடந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம், 2021 தேர்தலில் வந்த 499 உறுப்பினர்களில் கட்சி அட்டை இல்லாதவர்கள் 14 பேர். அதற்காக ஒன்றுமே பேச மாட்டார்கள் என்றும் இல்லை. 2015ல் நிறைவேற்றிய குற்றவியல் சட்டத்தில் அமலுக்கு வருவதற்குச் சற்று முன்பு ஏகப்பட்ட பிழைகள் தெரியவந்து, அதைத் தள்ளிவைத்து, 2017ல் திருத்தி, 2018 ஜனவரியில்தான் அமலாக்கினார்கள். வரிக்கு வரி பார்க்கிற ஆட்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

2018 சட்டத்தில் மன்னிப்பு வேண்டுமென்றால் கைதி முதலில் மனு எழுத வேண்டும், இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். தண்டனைக் காலத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கழிந்திருக்க வேண்டும், சில குற்றங்களுக்குப் பாதி. அபராதம், கோர்ட் கட்டணம், நஷ்ட ஈடு கட்டியிருக்க வேண்டும், அதிலும் ஊழல் வழக்கில் உள்ளே போனவர்கள் அடித்த பணத்தைத் திருப்பாமல் வெளியே வர முடியாது, இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிறை நிர்வாகம் பட்டியல் போட்டு, போலீஸ் அமைச்சகம் பார்த்து, ஆலோசனைக் குழு பார்த்து, கடைசியில் அதிபர் கையெழுத்து. வெளியே வந்த பிறகும் கைவிட்டுவிடவில்லை: 2023ல் ஒரு பிரதமர் உத்தரவின்படி விடுதலையானவர்களுக்குத் தொழில் தொடங்க அரசு வங்கி 10 கோடி டோங் வரை கடன் கொடுக்கிறது, நம்ம கணக்கில் மூன்றேகால் லட்சம் ரூபாய் வரும். குறை சொல்லத்தான் வேண்டும் என்று உட்கார்ந்தால்கூட இதில் சொல்ல முடியாது, நல்ல திட்டம்.

இப்போது அதே சட்டத்தின் பன்னிரண்டாவது பிரிவு. யாருக்கு மன்னிப்புக்குப் பரிந்துரைக்கவே கூடாது என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறது. தேசத்துரோகம், மக்கள் அரசைக் கவிழ்க்கும் நடவடிக்கை, உளவு, கலகம், நாசவேலை, பயங்கரவாதம், அப்புறம் அரசுக்கு எதிரான தகவலைத் தயாரித்தல், வைத்திருத்தல், பரப்புதல். கடைசி ஒன்றைத்தான் இன்று முகநூலில் எழுதியவர்கள் மேலும் வலைப்பதிவர்கள் மேலும் போடுகிறார்கள். அதாவது அந்தச் சிமென்ட் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற சிலைகள் ஒவ்வொன்றும் என்ன குற்றத்துக்காக உள்ளே போனதோ, கையெழுத்துப் பத்திரிகை நடத்தியது, துண்டறிக்கை கொடுத்தது, ஆட்சியை மாற்றக் கூட்டம் சேர்த்தது, அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. லெ டுவான் இந்தச் சட்டத்தின் கீழ் மனு போட்டிருந்தால் முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் கதவை முழுசாகச் சாத்திவிடவில்லை. இருபத்திரண்டாவது பிரிவு இருக்கிறது. அரசின் உள்நாட்டு அல்லது வெளியுறவுத் தேவைக்காக, விசேஷமான சந்தர்ப்பத்தில், மேலே சொன்ன நிபந்தனை, தடை எதையும் பார்க்காமல் அதிபர் யாரை வேண்டுமானாலும் விடலாம். இதைச் சொன்னதும் பெரியவர், "அப்போ வெளிநாட்டுக்காரன் வந்து கேட்டா தெறக்கும்னு சொல்லுங்க" என்றார். ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ட்ரான் ஹுய்ன் டுய் தூக் விஷயத்தைப் பார்த்தால் இது புரியும். இணையத் தொலைபேசித் தொழில் நடத்தியவர், சீர்திருத்தம் பற்றி வலைப்பதிவு எழுதினார், 2009ல் கைது, 2010 ஜனவரியில் அரசைக் கவிழ்க்க முயன்றதாக 16 வருடம். புதிய குற்றவியல் சட்டம் 2018ல் அமலானபோது அதில் 'குற்றத்துக்கு ஆயத்தம் செய்தல்' என்பதற்கு 1 முதல் 5 வருடம் என்று தனியாகத் தண்டனை வந்தது. நான் செய்ததாக நீங்கள் சொல்வதே அதுதானே, பழைய தண்டனையைக் குறையுங்கள் என்று அவர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே மனு மேல் மனு போட்டார், உண்ணாவிரதம் இருந்தார். அந்த வழி திறக்கவே இல்லை. அமெரிக்காவுக்குப் போய்விடுகிறாயா என்றதற்கு மாட்டேன் என்றார், மன்னிப்பு மனுவும் எழுதவில்லை. 2024 செப்டம்பர் 20ல், அப்போது கட்சிப் பொதுச்செயலாளர், அதிபர் இரண்டு பதவியும் சேர்த்து வைத்திருந்த டோ லாம் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க் கிளம்புகிற சமயத்தில், டுய் தூக் என்ற அந்த மனிதரைச் சிறப்பு மன்னிப்பில் அனுப்பிவிட்டார்கள். தண்டனை முடிய எட்டு மாதம்தான் பாக்கி. தான் கேட்காத மன்னிப்பு என்று வெளியே வந்து அவரே எழுதினார். டோ லாம் அதற்கு முன் 8 வருடம் போலீஸ் அமைச்சர், சிறைகள் எல்லாம் அந்த அமைச்சகத்தின் கீழ்தான். சாவியும் அவரிடம், பேனாவும் அவரிடம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. 2025 ஜூனில் நாடாளுமன்றம் 8 குற்றங்களுக்கு மரண தண்டனையை நீக்கியது, 18 குற்றங்களுக்கு இருந்தது 10 ஆனது. அரசைக் கவிழ்த்தல், உளவு, லஞ்சம், கையாடல், போலி மருந்து எல்லாம் அதில் வருகின்றன. பெரிய வங்கி மோசடியில் மரண தண்டனை வாங்கியிருந்த தொழிலதிபர் ட்ரூங் மை லான் தப்பியது இந்தத் திருத்தத்தில்தான். கில்லட்டின் வைத்திருக்கிற அறையில் இதைப் பற்றி ஒரு பலகை வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், அரசுக்கே பெருமைதானே. அதுகூட இல்லை.

ஏனென்றால் இந்த அருங்காட்சியகத்தில் காலம் பிரெஞ்சு ஆட்சி முடிந்த 1954ல் நின்றுவிடுகிறது, மறுபடி 1964ல், போரில் பிடிபட்டு இங்கே அடைபட்ட அமெரிக்க விமானிகளுக்காக மட்டும் ஓடுகிறது. அந்த அறைகளைப் பற்றி உலகம் பூராவும் எழுதியாகிவிட்டது, அதனால் சுருக்கமாக: ட்ருக் பாக் ஏரியில் விழுந்த, பிற்காலத்தில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஜான் மெக்கெய்னுடைய விமானி உடை இருக்கிறது, கூடைப்பந்து ஆடுகிற, கிறிஸ்துமஸ் மரம் ஜோடிக்கிற போட்டோக்கள் இருக்கின்றன, எல்லாரும் சிரிக்கிறார்கள். அடி வாங்கியதாக அந்த விமானிகள் ஊருக்குத் திரும்பிச் சொன்னது எதுவும் கிடையாது. பிரெஞ்சுப் பகுதியில் அவ்வளவு நுணுக்கமாக விலங்கைக் காட்டியவர்கள் இங்கே விலங்கே இல்லாத சிறையைக் காட்டுகிறார்கள். கைதியாக இருந்த பீட் பீட்டர்சன் 1997ல் அமெரிக்கத் தூதராகவே ஹனோய்க்குத் திரும்பி வந்தார், அந்தக் கதை ஒன்றே போதும், போட்டோ அலங்காரம் தேவையே இல்லை.

விமானிகள் போன பிறகும் 1990களின் தொடக்கம் வரை இது சிறையாகத்தான் இருந்தது. அந்த இருபது வருடத்தில் உள்ளே இருந்தவர்கள் வியட்நாம்காரர்கள். கவிஞர் நுயென் சி தியென் 1979ல் தன் கவிதைக் கட்டை எடுத்துக்கொண்டு ஹனோயில் பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வெளியே வந்து பிடிபட்டார், அடுத்த பல வருடங்கள் இதே ஹோவா லோவில்தான், 1991ல்தான் முழுசாக வெளியே. கவிதைகள் வெளிநாட்டில் அச்சாகிப் பரிசு வாங்கின. நான் தேடித் தேடிப் பார்த்தேன், அவர் பெயர் எந்தப் பலகையிலும் கண்ணில் படவில்லை. சிறைக்குள் ரகசியமாகக் கவிதை எழுதிய புரட்சிக்காரர்களைப் பற்றி ஒரு பகுதியே இருக்கிற இடத்தில் இது இல்லாதது உறுத்துகிறது.

இதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். காட்சி அமைப்பில், வெளிச்சத்தில், ஒலியில், ஒரு பழைய கட்டிடத்தை எப்படிப் பேச வைப்பது என்பதில் நான் பார்த்த சிறை அருங்காட்சியகங்களில் இதற்குத்தான் முதலிடம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சொல்கிற கதைக்குத் தனியாக மார்க் போடச் சொன்னால் இரண்டரை. போவதற்கு முன் ராத்திரி ஓட்டலில் உட்கார்ந்து 1936 மக்கள் முன்னணி பற்றியும் 2018 சட்டத்தின் அந்த இரண்டு பிரிவுகள் பற்றியும் பத்து நிமிடம் படித்துவிட்டுப் போங்கள், அதே சிலைகள் வேறு மாதிரி தெரியும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: பத்து வயசுக்குக் கீழே என்றால் கொட்டடிகளும் கில்லட்டினும் வேண்டாம், முற்றத்தில் உட்கார வைத்துவிட்டு மாற்றி மாற்றிப் பாருங்கள். உள்ளே காற்றோட்டம் குறைவு, ஆகஸ்டில் வேர்த்துக் கொட்டும், தண்ணீர் பாட்டில் கட்டாயம். ஆடியோ கைடில் பிரெஞ்சுக் காலப் பகுதியை முழுசாகக் கேளுங்கள், விமானிப் பகுதியை வேண்டுமானால் தாண்டிக்கொள்ளலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் வெளியே வந்து குவான் சூ புத்தர் கோயில் பக்கம் நடந்தால் சைவக் கடைகள் இருக்கின்றன, 'சாய்' என்று பலகையில் போட்டிருக்கும், மீன் சாஸ் மட்டும் ஊற்ற வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அந்த மதுரைப் பெரியவர் குடும்பம் அங்கேதான் சாப்பிட்டது, டோஃபு அவருக்குப் பிடிக்கவில்லை.